அமெரிக்க மசில் தானுந்துகளின் பின்புற ஸ்பாய்லர்

பின்புற ஸ்பாய்லர் என்பது தானுந்து ஒன்றின் பின்மூடியின் மீதோ அதன் விளிம்பிலோ பொருத்தப்படும் காற்றியக்கவியல் உறுப்பு ஆகும். தானுந்து விரைந்து செல்லும்போது அதன் பின்பகுதியை மேலே தூக்க முயலும் விசையைக் குறைப்பதும், இயலுமாயின் அதைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையாக மாற்றுவதும் இதன் நோக்கம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட மசில் தானுந்துகளில் இவ்வுறுப்பு பரவலாக இடம்பெற்றது. அவற்றுள் சில பந்தயத் தடத்தில் உயிர்காக்கும் தேவையாகவே உருவானவை. வேறு பல விற்பனைக் கூடத்தில் வாடிக்கையாளரின் கண்ணைக் கவரும் அணியாக மட்டுமே இருந்தன. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய அடிப்படை இயற்பியல் சிறிது தேவைப்படுகிறது.

மசில் தானுந்து என்பது நடுத்தர அளவுள்ள, இரு கதவுகள் கொண்ட, பின்சக்கர இயக்கம் உடைய உடலில் பெரிய வி8 பொறியைப் பொருத்தி உருவாக்கப்பட்ட வகையாகும். 1964இல் வெளிவந்த பொன்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மஸ்டாங், கமாரோ போன்ற சற்றுச் சிறிய தானுந்துகளைப் 'போனி கார்' எனத் தனியே வகைப்படுத்துவோர் உளர். இக்கட்டுரையில் இரண்டும் சேர்த்தே நோக்கப்படுகின்றன.

பெயரும் வகைகளும்

'ஸ்பாய்லர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் 'கெடுப்பது' என்று பொருள். காற்றோட்டம் தன்போக்கில் செல்வதைக் கெடுப்பதால் இப்பெயர் வந்தது. வானூர்தி இறக்கைகளின் மேற்புறத்தில் எழும் தட்டுகளும் இதே பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. தரையிறங்கும்போது இறக்கையின் தூக்கு விசையைக் கெடுப்பது அவற்றின் வேலை.

பேச்சு வழக்கில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் ஸ்பாய்லர் என்பர். ஆனால் பொறியியலில் இருவகை உண்டு. முதல்வகை, உடலோடு ஒட்டி, பின்மூடியின் விளிம்பில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் தடுப்பு. வாத்தின் வாலைப் போலத் தோன்றுவதால் இது 'வாத்துவால்' எனப்படுகிறது. இரண்டாம் வகை, தூண்களின் மீது உயர்த்தி வைக்கப்பட்டு, மேலும் கீழும் காற்று பாயும்படி அமைந்த இறக்கை. இது வானூர்தி இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது. வாத்துவால் உடலின் மீதுள்ள காற்றழுத்தத்தை மாற்றுகிறது. இறக்கை தானே விசையை உண்டாக்குகிறது.

தூக்கு விசை எவ்வாறு தோன்றுகிறது

பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஒரு தானுந்தின் வடிவம் வானூர்தி இறக்கையின் குறுக்குவெட்டை ஓரளவு ஒத்திருக்கும். அடிப்பகுதி ஏறத்தாழத் தட்டையாகவும் மேற்பகுதி வளைந்தும் இருக்கிறது. வளைந்த கூரையின் மீது பாயும் காற்று விரைவு பெறுகிறது. அங்கு அழுத்தம் குறைகிறது. அடியில் அழுத்தம் ஒப்பளவில் கூடுதலாக உள்ளது. இவ்வேறுபாடே தூக்கு விசையாகிறது. (மேலே செல்லும் காற்றும் கீழே செல்லும் காற்றும் ஒரே நேரத்தில் பின்முனையைச் சென்றடைய வேண்டும் என்பதால்தான் மேற்காற்று விரைகிறது எனச் சில பாடநூல்களில் கூறப்படுவது தவறு. அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்கு இல்லை.)

பின்கண்ணாடி சாய்ந்து இறங்கும் 'பாஸ்ட்பேக்' வடிவங்களில் இச்சிக்கல் மிகுதி. கூரையைக் கடந்த காற்று சரிவைத் தழுவிக் கீழிறங்கும்போது அச்சரிவின் மீது தாழ்வழுத்தம் உண்டாகிறது. அது பின்பகுதியை மேல்நோக்கி இழுக்கிறது. மசில் தானுந்துகளின் அழகான நீண்ட சரிவுகளே அவற்றின் காற்றியக்கக் குறைபாடாகவும் அமைந்தன.

தூக்கு விசையைக் கணிக்கும் வாய்பாடு எளியது. காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருபடி, முகப்புப் பரப்பு, தூக்குக் குணகம் ஆகிய நான்கையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம், முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், தூக்குக் குணகம் 0.3, தானுந்தின் எடை 1,700 கிலோகிராம் எனக் கொள்வோம். இவை குறிப்பிட்ட எந்தத் தானுந்தின் அளவுகளும் அல்ல, விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. மணிக்கு 100 கிமீ வேகத்தில் தூக்கு விசை சுமார் 306 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 31 கிலோகிராம் எடைக்குச் சமம். தானுந்தின் எடையில் இது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓட்டுநர் இதை உணரவே மாட்டார். அதே தானுந்து மணிக்கு 320 கிமீ வேகத்தில் சென்றால் விசை சுமார் 3,130 நியூட்டன், அதாவது 319 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் 3.2 மடங்கு கூட, விசை 10 மடங்குக்கு மேல் கூடிவிட்டது. தானுந்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரங்களின் மீது இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு, டயரின் மீது விழும் சுமையைச் சார்ந்தது. வளைவில் திரும்பும்போது தானுந்தைத் தடத்தில் வைத்திருப்பது அப்பிடிப்பு மட்டுமே. தூக்கு விசை பெரும்பாலும் பின்சக்கரங்களின் மீது விழுமானால், முன்சக்கரங்கள் பிடித்து நிற்க, பின்பகுதி வெளியே வழுக்கும். பந்தய ஓட்டுநர்கள் இதைத் தானுந்து 'தளர்ந்துவிட்டது' என்பர். மணிக்கு 300 கிமீ வேகத்தில், சுவரில் இருந்து ஓரிரு மீட்டர் தொலைவில், இது நிகழ்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

ஸ்பாய்லர் செய்யும் வேலை

பின்மூடியின் விளிம்பில் நிற்கும் தடுப்பு, அதற்கு முன்னால் வரும் காற்றைத் தாமதப்படுத்துகிறது. தாமதமான காற்றின் அழுத்தம் உயர்கிறது. இவ்வுயர் அழுத்தம் தடுப்பின் மீது மட்டுமின்றி, அதற்கு முன்னுள்ள பின்மூடி, பின்கண்ணாடி ஆகியவற்றின் மீதும் பரவுகிறது. எனவே சில சென்டிமீட்டர் உயரமே உள்ள தடுப்பு, தன் பரப்பைக் காட்டிலும் பல மடங்கு பரப்பின் மீது விளைவை ஏற்படுத்துகிறது. ஸ்பாய்லரைக் காற்று நேரடியாகக் கீழே தள்ளுகிறது என்ற பொதுவான கருத்து முழுமையானதன்று.

இதற்கு விலை உண்டு. தடுப்பு உயரமானால் காற்றின் இழுவை விசையும் கூடும். இழுவையை எதிர்த்துச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்வதால், உச்ச வேகம் குறையும். எனினும் சரியான உயரத்தில் அமைந்த சிறிய வாத்துவால், காற்று உடலை விட்டுப் பிரியும் இடத்தை ஒழுங்குபடுத்தி, தூக்கு விசையோடு இழுவையையும் சிறிது குறைப்பது உண்டு. அந்தச் சரியான உயரத்தைக் கண்டறியக் காற்றுச் சுரங்கச் சோதனையோ, தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதோ தேவை.

பின்னே அழுத்தினால் முன்னே உயரும்

பின்புற ஸ்பாய்லர் பொருத்துவோர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஸ்பாய்லர் பின் அச்சுக்கு நேர் மேலே அமைவதில்லை, அதற்கும் பின்னால் அமைகிறது. ஆகையால் அது நெம்புகோலைப் போலச் செயற்படுகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் உள்ள தானுந்தில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோகிராம் அளவிற்குக் கீழ்விசை விழுவதாகக் கொள்வோம். பின் அச்சின் சுமை 140 கிலோகிராம் கூடும்; முன் அச்சின் சுமை 40 கிலோகிராம் குறையும். பின்னே மட்டும் பெரிய இறக்கையை வைத்தால் முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் தானுந்து நேரே செல்லத் தொடங்கும்.

இக்காரணத்தால்தான் முறையாக வடிவமைக்கப்பட்ட தானுந்துகளில் பின்புற ஸ்பாய்லருடன் முன்பம்பருக்குக் கீழே ஒரு காற்றணையும் சேர்ந்து வருகிறது. ஒரு மசில் தானுந்தின் ஸ்பாய்லர் பொறியாளரின் கையில் பிறந்ததா, விளம்பரப் பிரிவில் பிறந்ததா என ஐயம் எழுந்தால், முதலில் அதன் முன்புறத்தைப் பார்ப்பது நல்லது.

தோற்றம்

தானுந்துப் பந்தயத்தில் பின்புற ஸ்பாய்லரின் தொடக்கமாக 1961ஆம் ஆண்டின் ஃபெராரி பந்தயத் தானுந்துகள் குறிப்பிடப்படுகின்றன. அதன் அமெரிக்க ஓட்டுநர் ரிச்சி கிந்தர் மோன்சா தடத்தில் நடந்த சோதனைகளின்போது பின்விளிம்பில் ஒரு தடுப்பைப் பொருத்தச் செய்தார். அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் டெக்சாசைச் சேர்ந்த ஜிம் ஹால். 1966இல் அவர் உருவாக்கிய சாப்பரல் 2ஈ தானுந்தில் உயரமான தூண்களின் மீது இறக்கை ஒன்று நின்றது. அத்தூண்கள் உடலோடு இணைக்கப்படாமல் பின்சக்கரத் தாங்கிகளோடு நேரடியாக இணைக்கப்பட்டிருந்தன. இதனால் கீழ்விசை சுருள்வில்களை அமுக்காமல் நேரே டயருக்குச் சென்றது. ஓட்டுநர் ஒரு மிதியை அழுத்தி நேர்ச்சாலையில் இறக்கையைத் தட்டையாக்கி இழுவையைக் குறைக்கவும் முடிந்தது. ஹாலின் பணிக்குச் செவர்லே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு துணை நின்றது.

டிரான்ஸ்-ஆம் பந்தயமும் தெருத் தானுந்துகளும்

1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடர், கடைகளில் விற்கப்படும் தானுந்துகளை அடிப்படையாகக் கொண்டது. பொறியின் கொள்ளளவு 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர் எனும் வரம்புக்குள் இருந்தது. பந்தயத்தில் பயன்படுத்த விரும்பும் வடிவத்தை நிறுவனம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கு உற்பத்தி செய்தாக வேண்டும். இவ்விதியே பந்தயத் தடத்து ஸ்பாய்லரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

செவர்லே கமாரோ இசட்/28, இத்தொடருக்காகவே 302 கன அங்குலப் பொறியுடன் 1967இல் வெளியானது. இதற்குப் போட்டியாக 1969இல் போர்டு மஸ்டாங் பாஸ் 302 வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இருந்து போர்டுக்கு வந்த லாரி ஷினோடா இதன் தோற்றத்தை வடிவமைத்தார். முன்தாடைக்குக் கீழே காற்றணையும், பின்மூடியின் மீது கோணத்தை மாற்றத்தக்க இறக்கையும் இதன் அடையாளங்கள். பின்கண்ணாடியை மூடும் கறுப்புப் பலகணியும் கிடைத்தது. ஆனால் அதற்கும் கீழ்விசைக்கும் தொடர்பில்லை, வெயிலைத் தடுப்பதே அதன் பயன். 1970ஆம் ஆண்டின் டிரான்ஸ்-ஆம் பட்டத்தை பாஸ் 302 மஸ்டாங்குகள் போர்டுக்குப் பெற்றுத் தந்தன.

விதிக்கும் ஸ்பாய்லருக்கும் உள்ள உறவுக்கு ஏஎம்சி ஜாவலின் நல்ல சான்று. 1968, 1969 ஆண்டுகளில் கமாரோவுடன் வெற்றி பெற்ற ரோஜர் பென்ஸ்கியின் அணி, 1970இல் ஏஎம்சி நிறுவனத்துக்கு மாறியது. அணியின் ஓட்டுநர் மார்க் டோனஹியூ பொறியியல் பட்டம் பெற்றவர். பந்தயத்தில் பயன்படுத்த அவர் வகுத்த வாத்துவாலை அனுமதிக்கச் செய்வதற்காக, அவருடைய கையொப்பம் பொறித்த ஜாவலின் தானுந்துகள் 2,501 உற்பத்தி செய்யப்பட்டன. தேவைப்பட்ட எண்ணிக்கை 2,500. 1971இல் டோனஹியூ ஜாவலினைக் கொண்டு பட்டத்தை வென்றார்.

பொன்டியாக் நிறுவனம் 1969 மார்ச்சில் வெளியிட்ட ஃபயர்பேர்டு டிரான்ஸ் ஆம், பந்தயத் தொடரின் பெயரையே தாங்கி வந்தது. முதலாண்டில் 697 மட்டுமே உற்பத்தியாயின. 1970இல் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்காற்றணை, சக்கரங்களுக்கு முன்னால் சிறு தடுப்புகள், பின்மூடியின் முழு அகலத்துக்கும் பக்கங்களுக்கும் பரவிய வாத்துவால் என அனைத்தும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைந்தன. அக்காலத்துத் தெருத் தானுந்துகளுள் காற்றியக்கவியல் நோக்கில் முழுமையாகச் சிந்திக்கப்பட்ட ஒன்றாக இதைக் கூறலாம்.

இறக்கை வைத்த தானுந்துகள்

மசில் தானுந்துகளின் காற்றியக்க வரலாற்றில் உச்சம் நாஸ்கார் பந்தயத்தில் நிகழ்ந்தது. இதன் தொடக்கம் ஒரு தோல்வி. 1968ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் காண்போரைக் கவர்ந்த வடிவம். ஆனால் அதன் முகப்புக் கிரில் உள்ளடங்கிக் குழியாக இருந்ததால் காற்றை வாரிக்கொண்டது. பின்கண்ணாடி இரு பக்கத் தூண்களுக்கு இடையே ஆழத்தில் பதிந்திருந்தது. கூரையை விட்டு இறங்கிய காற்று அக்குழியில் சுழன்று தூக்கு விசையையும் இழுவையையும் கூட்டியது. கிரிலை முன்னுக்குக் கொணர்ந்தும், பின்கண்ணாடியைத் தூண்களோடு சமப்படுத்தியும் சார்ஜர் 500 என்ற திருத்திய வடிவம் வந்தது. போர்டு நிறுவனமோ மூக்கை நீட்டி வழவழப்பாக்கிய டொரினோ டல்லடேகாவைக் களமிறக்கி 1969ஆம் ஆண்டின் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றது.

டாட்ஜின் மறுமொழி சார்ஜர் டேட்டோனா. முன்னே கூம்பு வடிவில் நீண்ட எஃகு மூக்கு. பின்னே 23 அங்குலம் (58 செமீ) உயரமான இரு தூண்களின் மேல் அலுமினிய இறக்கை. மூக்கு இழுவையைக் குறைத்தது. அதன் அடியில் இருந்த காற்றணை முன்சக்கரங்களைத் தரையில் அழுத்தியது. பின்சக்கரங்களை இறக்கை அழுத்தியது. மேலே கூறிய நெம்புகோல் சிக்கலுக்கு இது முறையான விடை. இறக்கையைத் தாங்கிய தூண்களுக்கும் ஒரு வேலை இருந்தது. அவை வானூர்தியின் செங்குத்து வாலைப் போலச் செயற்பட்டு, தானுந்து பக்கவாட்டில் திரும்ப முயலும்போது அதை நேர்ப்படுத்தின.

இறக்கை ஏன் அவ்வளவு உயரம் என்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு. கூரையால் கலைக்கப்படாத தூய காற்றோட்டத்தில் இறக்கை நிற்க வேண்டும் என்பது ஒன்று. டிக்கியின் மூடி இறக்கையில் இடிக்காமல் முழுமையாகத் திறக்க வேண்டும் என்பது மற்றொன்று. பொதுமக்களுக்கு விற்கப்படும் தானுந்தில் டிக்கியைத் திறக்க முடியாவிட்டால் யார் வாங்குவர்? இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

நாஸ்கார் விதிப்படி 500 தானுந்துகள் தேவைப்பட, ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் டேட்டோனா உற்பத்தியானது. 1969 செப்டம்பர் 14 அன்று அலபாமா மாநிலத்தின் டல்லடேகாவில், 33 பாகை சாய்வுடைய 2.66 மைல் புதிய தடத்தில், அது முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. ஆனால் அவ்வேகத்தை டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே அவை கிழிந்தன. ரிச்சர்டு பெட்டி தலைமையிலான ஓட்டுநர் சங்கத்தினர் பந்தயத்தைப் புறக்கணித்து வெளியேறினர். எஞ்சியோர் ஓட்டிய பந்தயத்தில் ரிச்சர்டு பிரிக்ஹவுஸ் டேட்டோனாவில் வென்றார். கீழ்விசை தானுந்தைத் தரையில் பிடித்து வைத்தது. அந்தப் பிடிப்பின் சுமை முழுவதும் டயரின் மீது விழுந்தது. காற்றியக்கவியல் டயர்த் தொழில்நுட்பத்தை முந்திச் சென்றுவிட்ட நாள் அது.

1970 மார்ச் 24 அன்று அதே தடத்தில் படி பேக்கர் டேட்டோனாவை மணிக்கு 200.447 மைல் (322.6 கிமீ) சராசரி வேகத்தில் ஓட்டினார். மூடிய தடத்தில் இவ்வகைத் தானுந்து ஒன்று 200 மைலைக் கடந்தது அதுவே முதன்முறை.

அதே ஆண்டில் பிளிமத் சூப்பர்பேர்டு வந்தது. 1969இல் போர்டுக்குச் சென்றுவிட்ட ரிச்சர்டு பெட்டியைத் திரும்ப அழைத்து வருவதும் இதன் நோக்கங்களுள் ஒன்று. தேவையான உற்பத்தி எண்ணிக்கையை நாஸ்கார் உயர்த்தியிருந்ததால் 1,900க்கும் மேற்பட்ட சூப்பர்பேர்டுகள் உருவாக்கப்பட்டன. பின்கண்ணாடியைச் சுற்றிய பற்றவைப்புத் தழும்புகளை மறைக்கவே அவற்றின் கூரை வினைல் துணியால் மூடப்பட்டது. 1970 டேட்டோனா 500 பந்தயத்தைப் பீட் ஹாமில்டன் இதில் வென்றார். பாபி ஐசக் சார்ஜர் டேட்டோனாவுடன் அவ்வாண்டின் பட்டத்தைப் பெற்றார். 1971இல் இத்தகைய சிறப்பு வடிவங்களின் பொறியை 305 கன அங்குலத்துக்குள் நாஸ்கார் கட்டுப்படுத்தியது. இறக்கைகளின் காலம் அத்துடன் முடிந்தது.

கடைகளில் நிலைமை வேறு. நீண்ட மூக்கும் உயர்ந்த இறக்கையும் வாங்குவோரைத் தயங்கச் செய்தன. பல சூப்பர்பேர்டுகள் விற்பனை முற்றங்களில் நெடுநாள் நின்றன. சில முகவர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி, சாதாரண ரோடு ரன்னராக மாற்றி விற்றனர். இன்று சேகரிப்போர் பெரும்பொருள் கொடுத்துத் தேடுவது அதே தானுந்துகளையே.

அழகா பயனா

எல்லா ஸ்பாய்லர்களும் இவ்வாறு உழைத்துப் பிறந்தவை அல்ல. 1969ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜிடிஓ ஜட்ஜ், பின்மூடியின் மீது 60 அங்குல அகல இறக்கையுடன் வந்தது. மிகு வேகத்தில் அது அளவிடத்தக்க சிறு கீழ்விசையைத் தருவதாக நிறுவனம் கூறியது. சட்டம் அனுமதித்த வேகத்தில் அதன் பயன் தோற்றம் மட்டுமே. இதில் வேடிக்கை என்னவெனில், 'ஸ்பாய்லர்' என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய மெர்க்குரி சைக்ளோன் ஸ்பாய்லரை விட, பின்புற ஸ்பாய்லரே இல்லாத டொரினோ டல்லடேகா பந்தய வரலாற்றில் பெரிதாக நினைக்கப்படுகிறது.

1974இல் எண்ணெய் நெருக்கடியை அடுத்து ஐக்கிய அமெரிக்கா முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைல் (சுமார் 89 கிமீ) ஆக்கப்பட்டது. மேலே கொண்ட அளவுகளின்படி, தூக்குக் குணகத்தை 0.1 குறைக்கும் நல்ல ஸ்பாய்லர் ஒன்று அவ்வேகத்தில் தரும் நன்மை சுமார் 8 கிலோகிராம். டிக்கியில் ஒரு பயணப்பெட்டியை வைத்தாலே அந்தச் சுமை கிடைத்துவிடும். ஆயினும் ஃபயர்பேர்டு டிரான்ஸ் ஆமின் விற்பனை 1970களின் இறுதியில்தான் உச்சம் தொட்டது. 1977இல் வெளிவந்த 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' திரைப்படம் அதற்குப் பெரிதும் உதவியது. பொறியின் திறன் குறைந்துவிட்ட காலத்தில் ஸ்பாய்லர் நிலைத்து நின்றது.

பழைய தானுந்துகளைப் புதுப்பிப்போர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். நகரச் சாலையில் ஓட்ட எந்த ஸ்பாய்லரும் கேடு செய்யாது. ஆனால் பழைய மசில் தானுந்தில் புதிய ஆற்றல்மிகு பொறியைப் பொருத்தித் தடத்தில் மணிக்கு 200 கிமீக்கு மேல் செலுத்த எண்ணுவோர், முன்காற்றணை இல்லாமல் பின்னே மட்டும் பெரிய இறக்கை வைப்பது ஆபத்தானது. பின்மூடியின் மெல்லிய தகட்டில் திருகாணியால் மட்டும் பிணைக்கப்பட்ட இறக்கை, அது உண்டாக்கும் விசையைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். டேட்டோனாவின் இறக்கைத் தூண்கள் பின்மூடியின் மீது அல்ல, அதன் இருபுறமும் உள்ள பக்க உடலின் மீது, உள்ளே வலுவூட்டலுடன் நின்றன.

பிற்காலம்

நாஸ்கார் பந்தயத்தில் இறக்கை 2007இல் புதிய தானுந்து வடிவம் ஒன்றின் பகுதியாக மீண்டும் வந்தது. வேகமாகச் செல்லும் தானுந்து சுழன்று பின்னோக்கித் திரும்பிவிட்டால், காற்று எதிர்த்திசையில் இருந்து தாக்கும். அந்நிலையில் கீழ்விசைக்காக வகுத்த உறுப்புகள் முழுமையாகப் பயன் தருவதில்லை. இதற்காகவே கூரையில் தாமாக எழுந்து காற்றோட்டத்தைக் கெடுக்கும் மடிப்புத் தகடுகள் 1994 முதல் பொருத்தப்பட்டு வந்தன. 2009 ஏப்ரலில் டல்லடேகாவில் கார்ல் எட்வர்ட்ஸின் தானுந்து சுழன்று பறந்து பார்வையாளர் வேலியில் மோதியபின், இறக்கை இத்தகைய பறத்தலுக்குத் துணைபோகிறதோ என்ற ஐயம் வலுத்தது. 2010 மார்ச்சில் நாஸ்கார் இறக்கையை நீக்கி, பின்மூடியின் விளிம்பில் நிற்கும் பழைய தட்டை ஸ்பாய்லருக்கே திரும்பியது.